ஆன்டிபாடியில் பலம் இருக்கிறது, நுரையீரலுக்குள்தான் போகவில்லை

கடிதத்தின் சுருக்கம்

பிஎச்.டி. மூன்றாம் ஆண்டில் இருக்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

சி.பி-17 ஸ்கிட் இனச் சுண்டெலிகளுக்குப் பிறவியிலேயே நோயெதிர்ப்பு செல்களான டி செல்லும், ஆன்டிபாடி செய்யும் பி செல்லும் கிடையாது. அவற்றுக்கு மூக்கு வழியே பிஆர்8 என்ற ஆய்வக வகை இன்ஃப்ளுயன்சா வைரஸைக் கொடுத்து, வரும் நிமோனியாவை மோனோகுளோனல் ஆன்டிபாடியால் (ஒரே செல் வழிவந்த, ஒரே மாதிரியான ஆன்டிபாடி) குணப்படுத்த முடியுமா என்பது அவருடைய ஆய்வு. கையிலிருந்தவற்றில் சோதனைத் தட்டில் அதிகத் திறன் காட்டியது ஒரு ஐஜிஎம் ஆன்டிபாடி (ஐஜிஎம், ஐஜிஜி, ஐஜிஏ என்பவை ஆன்டிபாடியின் வகைகள்; ஐஜிஜி2ஏ போன்றவை ஐஜிஜியின் உட்பிரிவுகள்). வைரஸ் கொடுத்த மறுநாள் அதில் 100 மைக்ரோகிராமை வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்டார். 12 எலிகளும் 9-ஆம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகக் கூண்டில் செத்துக் கிடந்தன. மிச்சமிருந்த 4 எலிகளுக்கு, ஒரு யோசனையாக, ஐஜிஜி2ஏ வகை ஆன்டிபாடியை 200 மைக்ரோகிராம் கொடுத்தார். 7-ஆம் நாள் இரண்டின் நுரையீரலை அரைத்துப் பார்த்ததில் வைரஸ் பூஜ்யம். மற்ற இரண்டும் நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்து, ஐந்தாவது வாரத்தில் எடை குறையத் தொடங்கியிருக்கின்றன.

கைடு சொல்வது: ஐஜிஎம் அளவை இரட்டிப்பாக்கி 24 எலிகளில் திரும்பச் செய்ய வேண்டும், எலிகள் பக்கத்து புராஜெக்டில் மிச்சம் இருக்கின்றன, முதல் 12 எலிகளைத் தீசிஸில் காட்ட வேண்டாம். வாசகி கேட்பது: அளவைக் கூட்டினால் பலன் வருமா? மூக்கு வழியே நுழையும் நோய்க்கு ஐஜிஏதானே பொருத்தம்? ஐஜிஜி கொடுத்த எலிகளைக் குணமானவை என்று எழுதலாமா? தங்கள் எலிகளின் சீரத்தைச் சோதித்து எல்லா வைரஸுக்கும் நெகடிவ் என்று சான்று வாங்கியிருப்பதால் வேறு தொற்றுக்கு இடமில்லை என்றும் உறுதியாகச் சொல்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: அளவை இரட்டிப்பாக்காதீர்கள். அந்த 24 எலிகளும் பெரும்பாலும் செத்துப்போகும், நீங்கள் ஏற்கெனவே அறிந்துகொண்டதையே மறுபடி சொல்லிவிட்டு. உங்கள் கையிலிருப்பது கெட்டுப்போன பரிசோதனை என்று உங்கள் கைடு நினைப்பது தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் வால்டர் கெர்ஹார்டின் குழு 1995-இல் வெளியிட்ட ஆய்வு உங்களுடையதைப் போன்றதே: அதே சி.பி-17 ஸ்கிட் எலி, அதே பிஆர்8, அதே ‘மறுநாள் ஊசி’. சிகிச்சை இல்லாத எலிகளில் 10 சதவீதத்துக்கும் குறைவானவையே பிழைத்தன. வைரஸின் ஹீம்அக்ளூட்டினின் புரதத்தைப் பிடித்து அதைச் செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடிகளின் கலவையை ஒரே ஊசியாக, குறைந்தது 175 மைக்ரோகிராம் கொடுத்தபோது எல்லா எலிகளும் பிழைத்தன. ஊசியை 7 நாள் வரை தள்ளிப்போட்டும் பிழைத்தன. ஆனால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது குணப்படுத்தியவை ஐஜிஜி1, 2ஏ, 2பி, 3 ஆகியவை மட்டுமே. ஐஜிஎம்மும் ஐஜிஏவும் தட்டில் வைரஸை முடக்கினாலும் எலியைக் காப்பாற்றவில்லை. அவை ரத்தத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதற்காகத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தும் பலன் இல்லை. கைடின் யோசனைக்கான விடை அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

இன்னொரு முடிவும் அதில் உண்டு, அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அதே ஐஜிஎம்மையும் ஐஜிஏவையும் வைரஸ் கொடுப்பதற்கு முன்பே செலுத்தியிருந்தால் எலிகள் தொற்றிலிருந்து தப்பின. வருமுன் காக்கத் தெரிந்த ஆன்டிபாடிக்கு வந்தபின் தீர்க்கத் தெரியவில்லை.

தட்டு சொன்னது ஏன் எலியில் பலிக்கவில்லை

ஹீம்அக்ளூட்டினேஷன் தடுப்புச் சோதனையில் என்ன செய்கிறோம்? வைரஸையும் ஆன்டிபாடியையும் ஒரே குழியில் கலந்து காத்திருந்து, பிறகுதான் சிவப்பணுவைச் சேர்த்து, வைரஸ் அதைத் திரளவைக்கிறதா என்று பார்க்கிறோம். அதாவது ஆன்டிபாடியை வைரஸின் பக்கத்திலேயே கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டுத்தான் கேள்வியே கேட்கிறோம். அது தடுப்பின் மாதிரி, சிகிச்சையின் மாதிரி இல்லை. பத்துக் கைகள் உள்ள ஐஜிஎம் அங்கே ஜெயிப்பதில் வியப்பில்லை. ஒரு கை நழுவினாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும்.

எலியில் நிலைமை வேறு. நீங்கள் வயிற்றறையில் போட்டது ரத்தத்துக்கு வந்து, ரத்தக் குழாயைத் தாண்டி, காற்றறைகளைச் சுற்றிய மெல்லிய இடத்துக்கும் அங்கிருந்து காற்றறைக்குள்ளும் கசிய வேண்டும். ஐஜிஜியின் எடை சுமார் 150 கிலோடால்டன். ஐஜிஎம் அதைப்போல ஆறு மடங்கு. பெரியது குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். ஐஜிஎம்மையும் இரட்டை ஐஜிஏவையும் (இரண்டு மூலக்கூறு சேர்ந்தது) சளிச்சவ்வுக்கு வெளியே தூக்கிச் செல்ல ஒரு கடத்தி ஏற்பி உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது மூச்சுக்குழல் சுவரில் வேலை செய்வது. நிமோனியா நடக்கும் காற்றறையின் மெல்லிய சுவர் அதற்கான இடம் இல்லை. வைரஸ் உற்பத்தியாகும் எல்லா இடங்களுக்கும் இந்த இரு வகைகளும் போய்ச் சேரவில்லை என்பதுதான் அந்த ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கமும். இது முடிவுகளிலிருந்து பெற்ற ஊகம், நேரில் அளந்தது இல்லை. தீசிஸில் எழுதும்போது அந்த வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள்.

ஆயுட்காலமும் சேர்ந்துகொள்கிறது. எலி ரத்தத்தில் ஐஜிஜி2ஏவின் அரை ஆயுள் சுமார் ஒரு வாரம், ஐஜிஎம்முக்கு இரண்டு நாள், ஐஜிஏவுக்கு அதைவிடவும் குறைவு. ஐஜிஜியை மட்டும் செல்கள் அழிவிலிருந்து மீட்டு ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன.

ஐஜிஏ பற்றிய உங்கள் யோசனை

மூக்கில் நுழைகிறது, எனவே மூக்கின் காவலாளியான ஐஜிஏ என்ற தர்க்கம் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் உங்கள் எலிகள் மூக்கடைப்பால் சாகவில்லை. மயக்கத்தில் 50 மைக்ரோலிட்டர் கொடுத்தால் அது நேரே நுரையீரலின் ஆழத்துக்குப் போகும்; விழித்திருக்கும் எலிக்கு 10 மைக்ரோலிட்டர் கொடுத்தால் பெரும்பாலும் மூக்கிலேயே தங்கும். நீங்கள் செய்தது முதல் வகை.

இருந்தாலும் இந்த யோசனையை முழுதாகத் தூக்கிப்போட வேண்டாம். ஐஜிஎம்மோ ஐஜிஏவோ தோற்பது போய்ச் சேராததால்தான் என்றால், மயக்கத்தில் மூக்கு வழியே நுரையீரலுக்கே கொண்டுபோய் விட்டால் ஓரளவாவது வேலை செய்ய வேண்டும். அதைச் சோதித்தால் உங்கள் தீசிஸுக்கு ஒரு சொந்த அத்தியாயம் கிடைக்கும். ஆபத்து ஒன்று: நோயுற்ற நுரையீரலில் வெறும் உப்புநீரை ஊற்றினாலே மேலேயிருக்கும் வைரஸ் ஆழத்துக்கு அடித்துச் செல்லப்பட்டு நோய் முற்றும். எனவே அதே வகை, அதே அளவு, ஆனால் இன்ஃப்ளுயன்சாவைப் பிடிக்காத ஆன்டிபாடி கொடுத்த குழு ஒன்று கட்டாயம் வேண்டும். ஹைப்ரிடோமா (ஆன்டிபாடி தயாரிக்கும் கலப்புச் செல்) தரும் ஐஜிஏவில் ஒற்றையும் இரட்டையும் கலந்திருக்கும் என்பதால், மூலக்கூறுகளை அளவால் பிரிக்கும் நிரலில் ஓட்டி எது எவ்வளவு என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

‘குணம்’ என்ற சொல்லை எப்போது எழுதலாம்

சாதாரண எலியில் ஒரு வாரம் கழித்து டி செல்கள் வந்து தொற்றிய செல்களையே அழித்துவிடும். ஸ்கிட் எலியில் அதற்கு ஆள் இல்லை. அப்படியானால் ஐஜிஜி எப்படிக் குணப்படுத்துகிறது? எரியும் விறகை அது அணைப்பதில்லை. பறக்கும் பொறிகளை மட்டும் பிடிக்கிறது. தொற்றிய செல்கள் எல்லாம் தாமாகச் செத்து முடியும்வரை, புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு வைரஸையும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தொற்றிய செல்லின் மேல் நன்றாக ஒட்டிக்கொண்டும் வைரஸை நேரடியாகச் செயலிழக்கச் செய்யாத, எம்2 என்ற வேறொரு வைரஸ் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி அதே ஆய்வில் குணப்படுத்தவில்லை. வைரஸைப் பிடிக்கும் கைகளை விட்டு வால்பகுதியை மட்டும் நீக்கிய ஐஜிஜித் துண்டுகள், முழு ஐஜிஜி அளவுக்கு இல்லாவிட்டாலும், குணப்படுத்தின. வால் உதவுகிறது, ஆனால் அது இல்லாமலும் காரியம் நடக்கிறது.

இந்தக் கணக்கில் 7-ஆம் நாள் பூஜ்யத்துக்குப் பெரிய மதிப்பு இல்லை. இரண்டு காரணங்கள். ஒன்று, காலம் போதாது. நீங்கள் கொடுத்த 200 மைக்ரோகிராம் வாரத்துக்குப் பாதியாகக் குறைந்தால், 5 வாரம் கழித்தும் சுமார் 6 மைக்ரோகிராம் மிஞ்சியிருக்கும். ஆன்டிபாடி உடம்பில் இருக்கும்வரை ‘வைரஸ் இல்லை’ என்பதற்கு ‘அடங்கியிருக்கிறது’ என்று பொருள், அவ்வளவுதான். எட்டு, பத்து வாரம் தொடர்ந்து எடை பார்த்து, ரத்தத்தில் ஆன்டிபாடி அளக்க முடியாத நிலைக்கு வந்த பிறகும் வைரஸ் திரும்பவில்லை என்றால் அப்போது குணம் என்று எழுதுங்கள்.

இரண்டாவது காரணம் பலரும் சறுக்கும் இடம். நுரையீரலை அரைக்கும்போது ரத்தத்திலும் திசு இடைவெளியிலும் இருந்த ஆன்டிபாடியும் கூடவே அரைபடுகிறது. உயிருள்ள எலியில் ஒன்றையொன்று சந்தித்திராத ஆன்டிபாடியும் வைரஸும் உங்கள் குழாயில் சந்தித்துக்கொள்கின்றன. வைரஸ் வளர்க்கப் பயன்படும் எம்டிசிகே செல்லில் ஒன்றும் வளராது. இது உண்மையான பூஜ்யமா, குழாயில் உண்டான பூஜ்யமா என்று தெரிய: ஆரோக்கியமான, ஆன்டிபாடி மட்டும் கொடுத்த எலியின் நுரையீரல் அரைசலில் தெரிந்த அளவு வைரஸைச் சேர்த்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள். பாதி காணாமல் போனால் உங்கள் அளவீடு பொய் சொல்கிறது. எலியைக் கொன்றவுடன் இதயத்தின் வலப்புறம் வழியே உப்புநீர் செலுத்தி நுரையீரல் வெளுக்கும்வரை ரத்தத்தைக் கழுவுங்கள். அரைசலை 10, 100, 1000 மடங்கு நீர்த்து எல்லாவற்றையும் செல்லில் போடுங்கள். நீர்க்க நீர்க்க வைரஸ் கூடுவதுபோலத் தெரிந்தால் அது ஆன்டிபாடியின் வேலை. பக்கத்திலேயே வைரஸின் ஆர்என்ஏவை அளக்கும் ஆர்டி-பிசிஆரும் வேண்டும். பிசிஆர் செத்த வைரஸின் ஆர்என்ஏவையும் எண்ணும் என்பதால் தனியாக அதையும் நம்பாதீர்கள்.

இன்னொரு சின்னத் திருத்தம். ‘நிமோனியா சிகிச்சை’ என்று தலைப்பு வைத்துவிட்டு ஊசியை மறுநாளே போட்டிருக்கிறீர்கள். அப்போது நிமோனியா வந்திருக்காது. 3-ஆம் நாளும் 5-ஆம் நாளும் தொடங்கும் குழுக்கள் இருந்தால்தான் தலைப்பு நிற்கும்.

ஐந்தாவது வாரத்து எடை இழப்பு: மூன்று சந்தேகங்கள்

ஆன்டிபாடி தீர்ந்ததும் அடங்கிக் கிடந்த வைரஸ் எழுந்திருக்கலாம். அல்லது தப்பிய திரிபு வளர்ந்திருக்கலாம். ஒற்றை மோனோகுளோனலிலிருந்து தப்பும் வைரஸ் சுமார் லட்சத்தில் ஒன்று என்ற வரிசையில் முன்பே கூட்டத்தில் இருக்கும். நோயுற்ற எலி நுரையீரலிலோ பத்து லட்சத்துக்கு மேல் வைரஸ் உண்டு. கணக்கு நமக்குச் சாதகமாக இல்லை. பிஆர்8 ஹீம்அக்ளூட்டினினில் எஸ்ஏ, எஸ்பி, சிஏ, சிபி என்று பிரித்து அடையாளம் கண்ட பகுதிகள் உண்டு. வெவ்வேறு பகுதிகளைப் பிடிக்கும் இரண்டு மூன்று ஐஜிஜிகளைக் கலந்து கொடுப்பதன் தேவை இங்கேதான் வருகிறது. திரும்பி வந்த வைரஸை வளர்த்து, நீங்கள் கொடுத்த அதே ஆன்டிபாடியோடு தடுப்புச் சோதனை செய்யுங்கள். பிடிபட்டால் அது முதல் வகை. பிடிபடாவிட்டால் ஹீம்அக்ளூட்டினின் மரபணுவை வரிசைப்படுத்துங்கள்.

மூன்றாவது சந்தேகத்தை நீங்களே மூடிவைத்திருக்கிறீர்கள், அதைத் திறக்க வேண்டும். சீரம் நெகடிவ் என்ற அந்தச் சான்று யாருடைய சீரம்? ஸ்கிட் எலியினுடையது என்றால், ஆன்டிபாடியே செய்யத் தெரியாத பிராணியிடம் ஆன்டிபாடி இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறீர்கள். அது எதையும் நிரூபிக்காது. அதே அறையில், அழுக்கடைந்த படுக்கைத் தூளில் வைத்து வளர்த்த சாதாரண எலியின் சீரமாக இருந்தால் ஓரளவு பொருள் உண்டு. எலி நிமோனியா வைரஸ் சாதாரண எலியில் அறிகுறியே காட்டாது. ஸ்கிட் எலியில் மெதுவாக உடலை உருக்கிச் சாகடிக்கும். செண்டாய் வைரஸும் ஸ்கிட் எலிக்கு எமன். இவற்றைவிட எனக்கு அதிகச் சந்தேகம் நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையின் மேல். அதற்கு வழக்கமான சீரம் பட்டியலில் பெரும்பாலும் இடமே இருக்காது; செயற்கை ஊடகத்தில் வளர்ப்பதும் நடக்காது; நுரையீரல் பிசிஆரும் வெள்ளிச் சாயமும்தான் வழி. காற்றறையில் நுரைபோல இளஞ்சிவப்புப் பொருள் நிறைந்திருந்தால் உங்கள் இன்ஃப்ளுயன்சாவை விட்டுவிட்டு அதைத் தேடுங்கள். குடிநீரில் டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா கொடுத்தால் அடங்கும், ஆனால் கூட்டத்திலிருந்து நீங்காது. தொற்று உறுதியானால் அந்த எலிகளை வைத்துச் செய்வது வீண். சுத்தமான கூட்டம் வாங்குவதுதான் மலிவு.

ஸ்கிட் எலிகளில் சில வயதாக ஆகக் கொஞ்சம் சொந்த ஆன்டிபாடி செய்யத் தொடங்கிவிடும். தொடங்கும் முன்பே ஒவ்வொன்றின் ரத்தத்திலும் மொத்த ஐஜிஎம்மை எலைசா என்ற அளவீட்டுச் சோதனையில் அளந்து, செய்கிறவற்றை ஒதுக்குங்கள்.

அடுத்த முறைக்கு

• ஐஜிஎம்மையும் ஐஜிஜியையும் ஒப்பிடும்போது மைக்ரோகிராமை மட்டும் சமப்படுத்தாதீர்கள். வைரஸைச் செயலிழக்கச் செய்யும் அலகையும் சமப்படுத்துங்கள். இரண்டும் ஹீம்அக்ளூட்டினினின் ஒரே பகுதியைப் பிடிப்பவையாக இருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் வித்தியாசம் வகையால் வந்ததா, இடத்தால் வந்ததா என்று கேள்வி வரும்.

• 20 கிராம் எலிக்கு 175 மைக்ரோகிராம் என்பது கிலோவுக்கு 8.75 மில்லிகிராம். ஊசி அளவு 200 மைக்ரோலிட்டரைத் தாண்ட வேண்டாம்.

• கடையில் வாங்கிய ஆன்டிபாடியில் பெரும்பாலும் சோடியம் அசைடு என்ற நச்சுப் பொருள் கெடாமல் காக்கச் சேர்க்கப்பட்டிருக்கும். டயாலிசிஸ் செய்து நீக்காமல் எலிக்குப் போடக்கூடாது. ஐஜிஎம்மை உப்பு குறைந்த கரைசலில் டயாலிசிஸ் செய்தால் வீழ்படிவாகிவிடும், உறைய வைத்து உருக்கினால் திரளும். உங்கள் முதல் சோதனையில் எலிக்குள் போனது உண்மையில் 100 மைக்ரோகிராம்தானா என்பதை, அதே குப்பியின் மிச்சத்தில் தடுப்புச் சோதனை செய்து பாருங்கள். பாக்டீரியா நச்சான எண்டோடாக்சினையும் சோதியுங்கள், அது தனியாகவே எலியின் எடையைக் குறைக்கும்.

• கூண்டில் செத்துக் கிடக்கும்வரை காத்திருப்பதை விடுங்கள். தினமும் எடை பார்த்து, உங்கள் நெறிக்குழு ஏற்ற வரம்பை, பெரும்பாலும் 20 சதவீத இழப்பை, எட்டியதும் வலியின்றி முடித்துவிடுங்கள். எலிக்கும் அதுதான் நல்லது; அழுகாத நுரையீரல் கிடைப்பதால் உங்களுக்கும்.

கைடு விஷயம்

பக்கத்து புராஜெக்டின் எலிகளை எடுப்பது வசதி பற்றிய கேள்வி இல்லை. விலங்குப் பரிசோதனை பற்றிய 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி, உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு எந்த நோக்கத்துக்கு, எத்தனை எலிக்கு அனுமதித்ததோ அதற்கு மட்டுமே அவற்றைப் பயன்படுத்த முடியும். பதிவேட்டில் எண் இடிக்கும். கையெழுத்து உங்களுடையதாகவும் இருக்கலாம். திருத்த மனு கொடுங்கள். அதில் ஐஜிஎம் குழுவைச் சிறியதாக்கி ஐஜிஜி குழுக்களைச் சேர்த்தால், 24 எலி கேட்பதைவிடக் குழு எளிதாக ஒப்பும். ஆன்டிபாடிக்குத் தப்பிய திரிபுகள் உருவாகக்கூடும் என்பதை நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஸ்கிட் எலிகள் நீண்ட நாள் வைரஸை வெளியேற்றும்.

முதல் 12 எலிகளை மறைக்கக்கூடாது. விலக்கினால் காரணத்தோடு சொல்ல வேண்டும் என்பது விலங்கு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் அரைவ் வழிகாட்டுதல்களை ஏற்ற எல்லா ஆய்விதழ்களின் எதிர்பார்ப்பு. கைடிடம் ‘நீங்கள் சொல்வது தப்பு’ என்று தொடங்க வேண்டியதில்லை. 1995 கட்டுரையின் அட்டவணையை முன்னால் வைத்து, ‘சார், நமக்கு வந்திருப்பதும் இதே முடிவு, ஐஜிஜியையும் சேர்த்தால் நம்முடையது முழுதாகும்’ என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால், ஆராய்ச்சிக் குழுக் கூட்டத்தில் முன்னேற்ற அறிக்கையாக 12 எலிகளையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

தீசிஸின் கடைசிப் பத்தியில் ‘உறுப்பு மாற்று நோயாளிகளுக்கும் இதே சிகிச்சை’ என்று எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸுக்கு எதிரான பாலிவிசுமாப் ஒரு ஐஜிஜி. 1998 முதல் பல ஆண்டுகள் குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் மாதம் ஒரு ஊசியாகப் போடப்பட்டது. அதுவும் தடுப்புக்குத்தான், வந்துவிட்ட நோய்க்கு இல்லை.

எடை குறைந்துவரும் அந்த இரண்டு எலிகளுக்கு இப்போது வருவோம். அவற்றைச் சாகவிட்டுவிடாதீர்கள், மறுபடி ஊசி போட்டுக் குழப்பவும் வேண்டாம். வரம்பை எட்டும் முன்பே முடித்து, முதலில் ரத்தம் எடுத்து மிச்ச ஐஜிஜியை அளக்க வையுங்கள். இடது மூச்சுக்குழலை நூலால் கட்டி, ஒரே மடலான இடது நுரையீரலை வெட்டி எடுத்து, ஃபார்மலின் செலுத்தி விரித்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பிறகு வலதைக் கழுவுங்கள். அதன் நான்கு மடல்களில் இரண்டை ஆர்என்ஏ காப்புக் கரைசலில் போடுங்கள், இன்ஃப்ளுயன்சா, எலி நிமோனியா வைரஸ், நியூமோசிஸ்டிஸ் மூன்றுக்கும் பிசிஆர் செய்ய. மீதி இரண்டை உடனே மைனஸ் 80-இல் வையுங்கள், வைரஸ் வளர்த்துப் பார்க்க. முதலில் வெள்ளிச் சாய முடிவு வரட்டும். அது வரும்வரை புதிய எலி எதற்கும் வைரஸ் கொடுக்காதீர்கள்.